வாங்க வராத பெட்டிகள்



நமது ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது எங்கள் வகுப்பில் எல்லோரும் புதிய விஷயமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் ரோபோ, ஒருவர் மின்சாரக் கார், இரண்டு பேர் செயற்கை நுண்ணறிவு. என் முறை வந்தபோது, "வால்வு ரேடியோவும் டேப் ரெக்கார்டரும்" என்றேன். வகுப்பே சிரித்தது. "ஏண்டி, உங்க தாத்தா வீட்டு ரேடியோவா?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்தவள்.

எங்கள் தாத்தா வீட்டில் ரேடியோ இருந்ததே இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பழைய பொருள்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "எங்கள் வீட்டில் ஒரு மர்ஃபி ரேடியோ இருந்தது" என்றுதான் தொடங்குகிறார்கள். நான் அப்படித் தொடங்க முடியாது. என் அப்பா ஸ்ரீரங்கத்தில் ரேடியோ மெக்கானிக். நான் பார்த்து வளர்ந்ததெல்லாம் மற்றவர்கள் வீட்டு ரேடியோ. அதுவும் மூடி கழற்றிய ரேடியோ!

அலமாரியின் மேல் தட்டு

தாத்தா திருவானைக்காவல் பக்கம் வாழைத் தோப்பில் கூலி வேலை செய்தவர். அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, 1985ல் ஒரு மெக்கானிக்கிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். ஈயம் பத்த வைக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு வருஷம் ஆனதாம். 1996ல் அடையவளஞ்சான் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் சொந்தமாகக் கடை போட்டார். எட்டடிக்குப் பத்தடி. இப்போது ரேடியோ எங்கே வருகிறது? மிக்ஸி, ஃபேன், எல்.இ.டி. பல்பு, சார்ஜர் இவைதான் சோறு போடுகின்றன. ஆனாலும் போர்டில் 'ரேடியோ' என்ற எழுத்தை அப்பா அழிக்கவில்லை.

எனக்கு விளையாட்டுச் சாமான் அந்தக் கடைதான். எரிந்துபோன ரெசிஸ்டன்ஸ்களின் வண்ணக் கோடுகளை வைத்துத்தான் நிறங்களைக் கற்றேன். பழுப்பு, கருப்பு, சிவப்பு என்றால் ஆயிரம் ஓம் என்பது எனக்கு அ, ஆ எழுத வருவதற்கு முன்பே தெரியும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி அம்மா மண்டபம் படித்துறை மணலில் இழுத்துக்கொண்டு போவோம். கருப்புப் பொடி மயிர் மயிராக ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கருப்புப் பொடி இந்தக் கட்டுரையில் திரும்பவும் வரும், மறந்துவிடாதீர்கள்.

கடை அலமாரியின் மேல் தட்டில் பதினாலு பெட்டிகள் இருந்தன. ரிப்பேருக்கு வந்து, திரும்ப வாங்க ஆள் வராமலே நின்றுபோனவை. மூன்று வால்வு ரேடியோ, ஆறு டிரான்சிஸ்டர், நான்கு டூ-இன்-ஒன், ஒரு கருப்பு வெள்ளை டிவி. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டைத் துண்டு நூலில் தொங்கும். பேர், தெரு, தேதி, கோளாறு, ஆகும் செலவு. கோளாறு என்ற இடத்தில் 'சத்தம் இல்லை', 'ஒரே கரகரப்பு', 'முள் நகரலை', 'டேப் இழுக்குது' என்று அப்பாவின் கோணல் கையெழுத்து.

2025 மே மாதம் அந்தக் கட்டடத்தை இடித்துக் கட்டுவதாக முடிவானது. கடையைக் காலி செய்ய வேண்டும். பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டு மேல் தட்டு மொத்தத்துக்கும் 1,400 ரூபாய் தருவதாகச் சொன்னார். எங்களுக்கு அது வேண்டிய பணம்தான். அப்பா சம்மதிக்கவில்லை.

"அடுத்தவங்க பொருளை நான் எப்படிப்பா எடைக்குப் போடறது?"

"இருபது வருஷமா வராதவங்க இனிமேயா வரப் போறாங்க?"

"அது அவங்க பாடு. வாங்கி வச்சது நான்தானே."

எனக்கு அப்போது நாலாம் செமஸ்டர் தேர்வு முடிந்து லீவு. "நான் ஒவ்வொண்ணா சரி பண்றேம்ப்பா. ஆளையும் தேடுவோம்" என்றேன். வாய் தவறிச் சொன்னதுபோல்தான் சொன்னேன். உண்மையில் எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. நம் கல்லூரியில் சேரும்போது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் நான் 'கூலி' என்று எழுதினேன். இந்தக் காலத்தில் ரேடியோ மெக்கானிக் என்று எழுதினால் சிரிப்பார்களே என்ற பயம். அப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

வால்வு சூடாகும் நேரம்

முதலில் எடுத்தது 1999ஆம் ஆண்டு அட்டை போட்ட ஒரு மரப்பெட்டி வால்வு ரேடியோ. நம்மில் பலர் வால்வைப் படத்தில்தான் பார்த்திருப்போம். சுவிட்சைப் போட்டால் அது உடனே பாடாது. அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். உள்ளே கண்ணாடிக் குமிழ்களில் ஒவ்வொன்றாகச் செந்நிறம் ஏறும். பிறகு மெதுவாக, தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல் சத்தம் வரும்.

காரணம் எளிது. வால்வுக்குள் ஒரு சிறிய இழை இருக்கிறது. பல வால்வுகளில் அதற்கு 6.3 வோல்ட். இழை சூடாகி, அதைச் சுற்றியுள்ள கேத்தோடு சூடானால்தான் எலக்ட்ரான்கள் வெளியே வரும். அவை வெற்றிடத்தின் வழியாகப் பிளேட்டுக்கு ஓடும். நடுவில் கிரிட் என்று ஒரு கம்பி வலை. வலையில் வோல்டேஜ் கொஞ்சம் மாறினால் ஓடும் மின்னோட்டம் நிறைய மாறும்.

இதை நான் முக்கொம்பு மேலணையை வைத்துப் புரிந்துகொண்டேன். அங்கே ஒருவர் மதகைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் போதும், பெரிய ஆறே கூடிக் குறையும். கை செலவழிக்கும் பலம் கொஞ்சம், கட்டுப்படும் தண்ணீர் அதிகம். கிரிட் என்பது மதகு. ஏரியலில் வரும் சின்னஞ்சிறு சிக்னல் அந்த மதகைத் தூக்கி இறக்கும் கை. ஆம்ப்ளிஃபையர் என்று நாம் மூன்று பக்கம் எழுதும் விடைக்கு உள்ளே இருப்பது இவ்வளவுதான்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் இதே வேலையைச் சூடு இல்லாமல், கண்ணாடி இல்லாமல், பேட்டரியில் செய்தது. ரேடியோ கூடத்தை விட்டு வயலுக்குப் போனது அதனால்தான்.

வால்வு செட்டைத் திறக்கும்போது அப்பா சொன்ன முதல் பாடம்: "இடது கையை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கோ." எனக்கு விளங்கவில்லை. பிறகு யோசித்தேன். அந்தப் பெட்டிக்குள் இருநூறு வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கிறது. இரண்டு கையும் உள்ளே இருந்து ஷாக் அடித்தால் மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும். நடுவில் இருப்பது இதயம். ஒரே கையால் வேலை பார்த்தால் அந்த வழி அடைபடுகிறது. எட்டாம் வகுப்புப் படித்தவரின் பாதுகாப்பு விதி இது. நம் ஆய்வக நோட்டின் முதல் பக்கத்தில் இது இல்லை!

காற்றில் வந்த ஊர்

அந்த மரப்பெட்டி அப்படி எதைக் கேட்டது? திருச்சி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் தேதி தொடங்கியது. சென்னை நிலையத்துக்கு ஒரு வயதுதான் அப்போது. திருவையாறு தியாகராஜ ஆராதனையின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நேரடியாகக் கொடுத்தது திருச்சிதான். வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில் சொர்க்கவாசல் திறப்புக்கு நேர்முக வர்ணனை உண்டு. கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடுகளில்கூட, கூட்டத்தில் போக முடியாத பெரியவர்கள் ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "மார்கழி பொறந்தா எனக்குத் தீபாவளி" என்பார் அப்பா. ஏகாதசிக்குள் சரி செய்து தரச் சொல்லி அத்தனை பெட்டி வருமாம்.

இன்னொரு செய்தி எனக்கு வியப்பாக இருந்தது. 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ஏ.டி.டி. 27 என்ற நெல்லுக்குத் தஞ்சாவூர் விவசாயிகள் வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் பலர் அந்த விதையைத் தேடிப் போனார்கள். ஒரு நெல்லுக்கே வானொலியின் பெயர் வந்தது என்றால் அதன் செல்வாக்கை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக்கூடாது. அந்தக் காலம் எல்லோருக்கும் பொற்காலம் இல்லை. வால்வு ரேடியோவின் விலை ஒரு கூலிக்காரரின் பல மாதச் சம்பளம். அதோடு தபால் ஆபீசில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். 1980களில்தான் அந்த முறை முடிவுக்கு வந்தது. தாத்தா ரேடியோ கேட்டது டீக்கடை வாசலில் நின்று. அப்பா கேட்டது பெரிய வீட்டுத் திண்ணைக்கு வெளியே நின்று. "பாட்டு கேக்கறதுக்கு நின்னேன்னு நெனைக்கிறியா? பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்னு நின்னேன்" என்றார் அப்பா.

ஆரியபடாள் வாசலும் 455ம்

அடுத்து ஒரு டிரான்சிஸ்டர். 'சத்தம் இல்லை.' நான் மீட்டரை எடுத்து ஒவ்வொரு முனையாக வோல்டேஜ் பார்க்கப் போனேன். அப்பா தடுத்தார். ஸ்க்ரூ டிரைவரின் கம்பியில் விரலை வைத்து வால்யூம் கண்ட்ரோலின் நடு முனையைத் தொட்டார். ஸ்பீக்கரில் 'டர்ர்ர்' என்று சத்தம். "இங்கேருந்து ஸ்பீக்கர் வரைக்கும் உயிர் இருக்கு. கோளாறு முன்னாடி." அப்படியே பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சத்தம் நின்றது. "இங்கதான் செத்திருக்கு." அங்கிருந்த பி.எஃப். 195 டிரான்சிஸ்டரை மாற்றினோம். பாடியது.

நம் பாடத்தில் 'சிக்னல் செலுத்திக் கோளாறு காணும் முறை' என்று ஒரு தலைப்பு இருக்கிறதே, அது இதுதான். சிக்னல் ஜெனரேட்டருக்குப் பதில் அப்பாவின் விரல். வீட்டு ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் மின்புலம் நம் உடம்பில் எப்போதும் கொஞ்சம் ஏறியிருக்கும். ஆடியோ கட்டத்தில் அந்த விரலை வைத்தால் ஹம் சத்தம் வரும். முன் கட்டங்களில் கம்பி உரசும்போது எழும் சின்ன வெடிப்பு 'டக் டக்' என்று கேட்கும். (பேட்டரியில் ஓடும் செட்டில் மட்டுமே இதைச் செய்யுங்கள். வால்வு செட்டில் விரல் வைக்காதீர்கள்!)

தேர்வில் நாம் படம் போடும் சூப்பர்ஹெட்டரோடைன் முறையும் எனக்கு அன்றுதான் உறைத்தது. திருச்சி நிலையத்தின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். ரேடியோவுக்குள் இருக்கும் ஆஸிலேட்டர் அதைவிட 455 அதிகமாக, அதாவது 1391 கிலோஹெர்ட்ஸ் உண்டாக்குகிறது. இரண்டையும் கலந்தால் வித்தியாசமாக 455 கிடைக்கும். வேறு நிலையத்துக்கு முள்ளைத் திருப்பினால் ஆஸிலேட்டரும் கூடவே நகரும். வித்தியாசம் மட்டும் எப்போதும் 455.

ஏன் இந்தச் சுற்று வழி? நம் கோயிலையே பாருங்கள். ராஜகோபுரம் வழியாக வாருங்கள், வெள்ளைக் கோபுரம் வழியாக வாருங்கள், வடக்கு வாசல் வழியாக வாருங்கள். கடைசியில் எல்லோரும் ஆரியபடாள் வாசலில்தான் வரிசையாக உள்ளே போகவேண்டும். அந்த ஒரு வாசலைச் சரியாகக் கவனித்தால் போதும். ரேடியோவிலும் அப்படித்தான். எந்த நிலையமாக இருந்தாலும் 455 என்ற ஒரே வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டால், அந்த ஓர் அலைவரிசைக்கு மட்டும் நல்ல வடிகட்டியும் நல்ல ஆம்ப்ளிஃபையரும் செய்தால் போதும். அமெரிக்கர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918ல் கண்ட இந்த வழி இன்றைய பல கருவிகளிலும் வெவ்வேறு உருவில் வாழ்கிறது.

அந்த ஆறு டிரான்சிஸ்டர்களில் சிலவற்றுக்குள் ஏ.சி. 128 என்ற பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரைப் பார்த்தேன். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களிலேயே நம் நாட்டில் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் தயாரித்தது. எழுத்தாளர் சுஜாதா பொறியாளராக வேலை பார்த்ததும் அந்த நிறுவனத்தில்தான். அவர் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். நம் வீதிகளில் பந்து விளையாடிய பையன்தான் பின்னாளில் மின்னணு வாக்குப் பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டார். எலக்ட்ரானிக்ஸ் எங்கிருந்தோ வந்தது என்று நாம் நினைக்க வேண்டியதில்லை.

ரேடியோவைத் திருப்பி வைப்பது ஏன்?

தாத்தா நின்ற டீக்கடையில் சாயங்காலம் ஆனால் டிரான்சிஸ்டரைத் திருப்பி, தெற்கே பார்த்து வைப்பார்களாம். "சிலோன் அந்தப் பக்கம்தானே இருக்கு" என்பது கடைக்காரர் சொன்ன காரணம். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பை நம் மாவட்டம் முழுக்கக் கேட்ட காலம் அது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரலை இப்போதும் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறார்கள். நம் வானொலியில் 1950களின் தொடக்கத்தில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருங்கியபோது ஜனங்கள் சிலோன் பக்கம் திரும்பினார்கள். 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித பாரதி தொடங்கியது அவர்களைத் திரும்ப அழைக்கத்தான்.

டீக்கடைக்காரர் செய்தது மூடநம்பிக்கை அல்ல. டிரான்சிஸ்டருக்குள் ஃபெரைட் என்ற கருப்புத் தண்டு ஒன்று நீளவாக்கில் படுத்திருக்கும். மத்திய அலைக்கு அதுதான் ஏரியல். நிலையம் இருக்கும் திசைக்குத் தண்டு குறுக்காக இருந்தால் அதிக சிக்னல், நேராக நீட்டிக்கொண்டிருந்தால் மிகக் குறைவு. பெட்டியின் முகம் கொழும்பைப் பார்த்தால் தண்டு குறுக்கே வந்துவிடும். கடைக்காரர் சொன்ன காரணம் பாதிதான் சரி, செய்த காரியம் முழுக்கச் சரி!

இரவில் தூரத்து நிலையங்கள் கேட்பதற்கும் காரணம் உண்டு. பகலில் வெயிலால் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு ஒன்று உருவாகி மத்திய அலைகளை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைகிறது. அலைகள் மேல் அடுக்கு வரை போய், பட்டுத் திரும்பி, வெகுதூரத்தில் வந்து இறங்குகின்றன.

துருவில் தங்கிய குரல்

இப்போது டூ-இன்-ஒன். நான் சொல்ல நினைத்த கதை இங்கேதான் இருக்கிறது.

அட்டையில் '2003 டிசம்பர், சித்திரை வீதி, டேப் இழுக்குது, ரூ. 85' என்று இருந்தது. உள்ளே ஒரு கேசட்டும் மாட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் நீல மையில் 'பாப்பா - 2001'.

கேசட்டைப் பற்றித் தெரியாத தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். 1963ல் ஃபிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் தலைமையிலான குழு கொண்டுவந்த பொருள் இது. உள்ளே நாலு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் பூசியிருப்பது இரும்பு ஆக்சைடு. நம் பாஷையில் சொன்னால் துரு. அம்மா மண்டபத்து மணலில் என் காந்தத்தில் ஒட்டிய கருப்புப் பொடி ஞாபகம் இருக்கிறதா? அதுவும் ஒரு வகை இரும்பு ஆக்சைடுதான். இரண்டும் ஒரே குடும்பம்.

டேப் ஹெட் என்பது கம்பி சுற்றிய ஒரு சின்ன மின்காந்தம், அதன் முகத்தில் மயிரிழை போன்ற ஓர் இடைவெளி. நாம் பேசும்போது மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம் அந்த இடைவெளியில் காந்தமாக மாறுகிறது. அதைக் கடந்து போகும் துருத் துகள்கள் அந்தந்த நேரத்துக் காந்தத்தை வாங்கிக்கொண்டு அப்படியே நிற்கின்றன. திரும்ப ஓட்டும்போது துகள்களின் காந்தம் கம்பிச் சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. ஃபாரடே 1831ல் கண்டுபிடித்த அதே தூண்டல்தான்.

நாடா ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடவேண்டும். அரை விநாடியில் 'அம்மா' என்று கூப்பிட்டால் அந்தச் சொல் நாடாவில் இரண்டே கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் படுத்திருக்கும். சி-60 கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிஷம். கணக்குப் போட்டால் நாடாவின் நீளம் சுமார் 86 மீட்டர். 1987ல் கட்டி முடிந்த நம் ராஜகோபுரம் 236 அடி, அதாவது 72 மீட்டர். உச்சியிலிருந்து நாடாவைத் தொங்கவிட்டால் தரையைத் தொட்டு மீதியும் கிடக்கும்!

இந்த வேகத்தைக் காப்பது ஒரு மெல்லிய இரும்புத் தண்டும் ஒரு ரப்பர் உருளையும். கரும்புச்சாறு மெஷினில் கரும்பு போவதுபோல் இரண்டுக்கும் நடுவில் நாடா போகும். மோட்டாரிலிருந்து தண்டைச் சுழற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். பெல்ட் தொய்ந்தால் வேகம் குறையும், பெண் குரல் ஆண் குரலாகும். அதுதான் 'டேப் இழுக்குது'.

எங்கள் செட்டில் பெல்ட் தொய்ந்த நிலையையும் தாண்டி, உருகித் தார் போல் ஒட்டிக் கிடந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒரு நாள் முழுக்கத் துடைத்தேன். பெல்ட்டுக்காகச் சிங்காரத்தோப்புப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினோம். கேசட்டிலும் வெள்ளையாகப் பூஞ்சணம். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தது. வேறொரு கேசட்டிலிருந்து அதை எடுத்து ஒட்டினார் அப்பா. உடனே ஓட்ட விடவில்லை. "முதல்ல பென்சிலை விட்டு மெதுவாச் சுத்து. ஒட்டிக்கிட்டிருந்தா அறுந்துரும்." பென்சிலின் ஆறு பட்டையும் கேசட் சக்கரத்தின் ஆறு பல்லும் சரியாகப் பொருந்துகின்றன. அரை மணி நேரம் சுற்றினேன்.

பதினாறாம் வாய்ப்பாடு

பட்டனை அழுத்தினோம். முதலில் இரைச்சல். பிறகு ஒரு சிறுமியின் குரல். பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிறது. ஆறு பதினாறு தொண்ணூற்றாறு வரை ஓட்டமாக வந்து, ஏழு பதினாறு என்று நின்றுவிட்டது. மௌனம். அந்த மௌனத்தில் வெகு மெலிதாக, சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் 'நூத்திப் பன்னெண்டு' என்று கேட்டது. இரண்டு மூன்று விநாடி கழித்து, ஒரு பெரியவர் குரல் பக்கத்திலிருந்து தெளிவாக, "நூத்திப் பன்னெண்டு" என்றது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "ரொம்ப நாள் சுத்தியே கெடந்தா அப்படித்தாம்மா. பக்கத்துச் சுத்துல பதிஞ்சுரும்."

அதற்கு அச்சுப் பதிவு என்று சொல்லலாம். நாடா சுருளாகக் கிடக்கும்போது ஒரு சுற்றின் காந்தம் அதை ஒட்டிய சுற்றில் கொஞ்சம் பதிகிறது. வருஷக் கணக்கில் கிடந்தால் காதுக்கே கேட்கும். சுருளின் விட்டம் 4 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்று பன்னிரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 2.6 விநாடி. பின்னால் வரப்போகும் சொல்லின் நிழல் அவ்வளவு முன்னால் கேட்கிறது. காரணம் தெரிந்த பிறகும் எனக்கு அந்த இடம் சாதாரணமாகத் தோன்றவில்லை.

முகவரியைத் தேடிப் போனோம். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் கட்டடம். பால் ஊற்றும் அண்ணன்தான் துப்புக் கொடுத்தார். குடும்பம் ஸ்ரீரங்கத்திலேயே வேறு தெருவில் இருந்தது. அந்த வீட்டு அம்மா கடைக்கு வந்தார்கள். பெட்டியைக் கொடுத்தது அவர்கள் மாமனார். கொடுத்த அந்த மாதத்திலேயே அவர் தவறிவிட்டார். எந்தக் கடையில் கொடுத்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அவர்கள் உட்காரவே இல்லை. நின்றபடியே கேட்டார்கள். 'நூத்திப் பன்னெண்டு' வந்ததும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். வாய்ப்பாடு சொன்ன பாப்பா இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாராம், அவருக்கே ஒரு பாப்பா இருக்கிறதாம். கொஞ்ச நேரம் கழித்து, "எவ்ளோ ஆச்சுங்க?" என்றார்கள்.

அப்பா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "எம்பத்தஞ்சு ரூபாம்மா."

பெல்ட் மட்டுமே அதற்கு மேல். ஆனாலும் அவர் 2003ல் சொன்ன தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

எது நம்முடையது?

பதினாலு பெட்டிகளில் ஆறு உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. இரண்டு பேர் "இனி எங்களுக்கு எதுக்கு, நீங்களே வச்சுக்குங்க" என்றார்கள். அந்த இரண்டில் ஒன்றான வால்வு ரேடியோ இப்போது நம் துறை ஆய்வகத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். கருப்பு வெள்ளை டிவியின் பிக்சர் டியூப் உடைந்திருந்தது. அந்தக் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் குப்பையில் வீசாமல் மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தோம். மீதி ஐந்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அவை எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, அட்டையோடு.

நம் தலைமுறைக்கும் பழசு உண்டு நண்பர்களே. 2006 முதல் 2011 வரை அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவியில்தான் நம்மில் பலர் முதல் கார்ட்டூன் பார்த்தோம். பட்டன் போனுக்கு 2 ஜிபி மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடையில் வரிசையில் நின்றோம். கேசட்டில் பன்னிரண்டு பாட்டு என்றால் அந்த நகத்தளவு கார்டில் நானூறுக்கும் மேல். இன்று போனில் பாட்டு நம்மிடம் இருப்பதே இல்லை, கேட்கும்போது மட்டும் வந்து போகிறது. வசதி கூடியிருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் பாட்டுக் கேட்கிறேன்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பழைய ரேடியோக்கள் பலவற்றில் பின் மூடிக்கு உள்பக்கம் சர்க்யூட் படத்தையே ஒட்டியிருந்தார்கள். திறக்கலாம், பார்க்கலாம், சரி செய்யலாம் என்று செய்தவர்களே சொன்னதுபோல. இன்றைய போன் பசை போட்டு ஒட்டி வருகிறது. பழுது நீக்கும் உரிமை என்ற பேச்சு உலகம் முழுக்க எழுந்து, நம் நாட்டிலும் 2022ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென ஒரு குழு அமைத்தது. அந்த உரிமை வந்தாலும், திறக்கத் தெரிந்த கை வேண்டுமே! அந்தக் கை நாம்தான்.

மர்ஃபி ரேடியோவும் டூ-இன்-ஒன்னும் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்ததில்லை. பாட்டு அவர்கள் வீட்டு நினைவு. ஆனால் பெட்டிக்கு உள்ளே இருந்தது முழுக்க என் அப்பாவுக்குத் தெரியும். அந்த அறிவுக்குச் சான்றிதழ் இல்லை என்பதால் அது அறிவு இல்லை என்று நான் நினைத்திருந்தேன். நாற்பது நாளில் பதினாலு பெட்டியைத் திறந்தபோது, நான் பாஸ் செய்த பாடங்கள் எல்லாம் அவர் விரலில் இருப்பதைப் பார்த்தேன்.

டிப்ளமா முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ.க்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். அந்தப் படிவத்திலும் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். இந்த முறை 'ரேடியோ மெக்கானிக்' என்று எழுதுவேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது ஒரு பெட்டி கிடக்கும். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தரம் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கேசட் இருந்தால் அவசரப்பட்டுப் பட்டனை அழுத்தாதீர்கள். முதலில் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றுங்கள்.



— மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை